ரஷ்ய மொழியில் ஐந்துக்கு ஐந்து

14

நவ்ருஸ் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து அன்றோடு பதினோரு நாள்.

ரஷ்யாவில், யெகாதெரின்பர்கில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி. ஆறு பேர் படுத்திருக்கும் அறை. வலது காலில் கட்டு. தோலானா என்ற தாஜிக் கிராமத்தில் இருந்த வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "நான் கிளம்பி வர்றேன்" என்று அவன் அப்பா மிர்சோவலி சொன்னதற்கு, "கால்தானேப்பா, கட்டிக் குடுத்துடுவாங்க. வீணா அலையாதீங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பி வீடு பத்து நாளைக் கடத்திவிட்டது.

பதினோராம் நாள் காலையில், மருமகள் மொஹிரா பால் கறந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் இருந்த போன் துடித்தது. கையைத் தலைத்துணி நுனியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். இரண்டு படங்கள். கூடவே நவ்ருஸின் குரல்.

"மொஹிரா, நேத்து மேஸ்திரி வந்து ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனான். ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தான், நல்லாத்தான் பேசினான். இப்ப டாக்டரம்மா இன்னொரு தாள் குடுத்தாங்க. அதுலயும் போட்டுட்டேன். இன்னைக்கு ஆபரேஷனாம். பக்கத்துக் கட்டில் ஆளுக்குக் கம்பி வச்சாங்க, எனக்கும் அதுதான் போல. சும்மா யாரையாவது விட்டுப் படிச்சுப் பாக்கச் சொல்லு. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

கல்யாணமாகி இருபத்தாறு நாள் கூட இருந்துவிட்டுப் போனவன். அவன் குரலை அவள் நேரில் கேட்டதைவிட போனில் கேட்டதுதான் அதிகம். அதில் எது பயம், எது விளையாட்டு என்று பிரித்தறிய அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்று இரண்டுமே இல்லை. வெறும் அசதி.

பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு மாமனாரிடம் ஓடினாள்.

மிர்சோவலி கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். தோலானா பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். அன்று மதியம் இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம். மேல் வகுப்புகளில் ரஷ்ய மொழியை உண்மையாகவே சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஊரார் கையெழுத்திட்டு மனு கொடுத்திருந்தார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

போனை வாங்கி முதல் படத்தைப் பெரிதாக்கி வாசித்தார். எழுத்து எங்கள் எழுத்துதான். தாஜிக்கையும் ரஷ்யனையும் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறோம். அதனால் தடங்கல் இல்லாமல் வாசித்தார், அரபு தெரியாதவன் துஆ ஓதுவது மாதிரி. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன மாமா போட்டிருக்கு?"

"ஏதோ வேலை சம்பந்தமா..."

இரண்டாவது படத்தில் அச்சடித்த பாதியை வாசிக்க முடிந்தது. கையால் எழுதிய இரண்டு வரி டாக்டர் கிறுக்கல். மொழி தெரிந்தவன்தான் அதில் எழுத்தை ஊகிக்க முடியும்.

"இது 'நகா'. கால். இங்க ஆபரேஷன்னு போட்டிருக்கு. கால்ல ஆபரேஷன். அவன் சொன்னதுதான்" என்றார். குரலில் ஒரு தெம்பை வரவழைத்துக்கொண்டார்.

"போன்ல மொழிபெயர்க்கிறதுல போட்டுப் பாத்தேன் மாமா. கிறுக்கலுக்கு 'வடக்கு ஏணி நன்றி'னு வருது."

பக்கத்து வீட்டு ரஜப் கிழவரைக் கூப்பிட்டார்கள். பழைய காலத்து ரஷ்யப் பட்டாளத்தில் இரண்டு வருஷம் இருந்தவர். அவர் போனை எட்டத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்குத் தெரிஞ்ச ரஷ்யன் படு, எழுந்திரு, இடப்பக்கம் திரும்பு. அப்புறம் அம்மாவைச் சேத்துத் திட்டுற நாலு வார்த்தை. அது நாலும் இதுல இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"சனோபர் டீச்சர்கிட்ட போகலாம் மாமா" என்றாள் மொஹிரா.

அவர் டையின் முடிச்சைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார்.

"நீ போய்ட்டு வா. எனக்குக் கூட்ட வேலை கிடக்கு."

தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த மாமியார் ஸெபுனிசோ, மருமகள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போவதைப் பார்த்து, "எங்கடி காலையிலயே?" என்றாள்.

"சந்தைக்கு அத்தை. சோப்பு தீந்துடுச்சு."

*

சனோபர் டீச்சரைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வரை தோலானா பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி எடுத்தது அவள்தான். ஒன்பதாம் வகுப்பு முடிவில் நவ்ருஸுக்கு 'இரண்டு' போட்டாள். ஐந்துக்கு இரண்டு என்றால் தோல்வி. மிர்சோவலி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சான்றிதழில் ஒரே ஒரு கறை எதற்கு, மாற்றிவிடு என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவரே பேனாவை எடுத்து மாற்றினார். மறுநாள் அவள் வரவில்லை.

அதன் பிறகு வேறு ஆசிரியர் கிடைக்கவில்லை, மிர்சோவலி பெரிதாகத் தேடவும் இல்லை. கிடைக்கவில்லை என்று எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதனால் கால அட்டவணையில் ரஷ்ய மொழி அதே கட்டத்தில் இருந்தது. அந்த மணியில் பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்கினார்கள். வருஷக் கடைசியில் எல்லாருக்கும் நாலும் ஐந்தும் விழுந்தன. நவ்ருஸின் கடைசிச் சான்றிதழில் ஐந்து. கீழே கையெழுத்து, அவன் அப்பாவுடையது.

சனோபர் வட்டாரச் சந்தையில் கடை போட்டாள். ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் வாளி, சலவை சோப்பு. ஆனால் கடை முன்னால் நிற்கும் கூட்டம் செருப்புக்காக நிற்பதில்லை. எல்லார் கையிலும் போன். போனில் ரஷ்யாவிலிருந்து வந்த ஏதோ ஒரு தாளின் படம். சுற்றியிருக்கும் ஏழு கிராமத்துக்கும் அவள்தான் வாசித்துச் சொல்வாள்.

மொஹிரா போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள்.

"டீச்சர், இது நல்ல தாளா கெட்ட தாளா, அதை மட்டும் சொல்லுங்க" என்று ஒரு பெரியவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நல்ல தாளை யாரு மாமா என்கிட்ட தூக்கிட்டு வர்றீங்க?" என்றாள் சனோபர். "உங்க பையனை நாட்டை விட்டு அனுப்பப் போறாங்க. அஞ்சு வருஷத்துக்கு உள்ள நுழையக் கூடாதாம். மேல்முறையீடு பண்ணப் பத்து நாள் குடுத்தாங்க. அது முடிஞ்சு மூணு நாளாச்சு."

பெரியவர் தலையை ஆட்டினார். "வீட்டுக்கு வந்துடுவான்ல?"

"வருவான்."

"அப்ப அது போதும்" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

மொஹிரா முறை வந்தது. சனோபர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தோலானாவின் தலைமை ஆசிரியர் வீட்டு மருமகள் என்று தெரிந்ததும் அவள் முகம் ஒரு கணம் இறுகியது. ஆனால் கை போனை வாங்கிக்கொண்டது.

முதல் படத்தை வாசித்தாள். கண் வரி வரியாக இறங்கியது.

"நவ்ருஸ் குடிப்பானா?"

"அவரா? இல்ல டீச்சர். சாராய வாடை பட்டாலே தும்முவார்."

"குடிச்சிருந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கான். லீவு நாள்ல, யாரும் கூப்பிடாம, நானா கட்டடத்துக்குள்ள போய் நானா விழுந்தேன். இந்தக் கம்பெனிக்கு நான் வேலை செய்யல. இவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. எதுவும் கேக்க மாட்டேன். கீழ கையெழுத்து."

"ஐயோ, அவர் எழுதலியே டீச்சர், மேஸ்திரி..."

"தெரியும்மா. இதே தாளை இந்த வருஷம் நாலாவது தடவையா படிக்கிறேன். பேர் மட்டும்தான் மாறும்."

விரலால் தள்ளி இரண்டாவது படத்துக்குப் போனாள். அச்சடித்த பாதியை வேகமாகத் தாண்டினாள். கிறுக்கல் வந்ததும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு போனைக் கீழே இறக்கிவிட்டு, "இது எப்ப வந்துச்சு?" என்றாள். குரல் மாறிவிட்டது.

"காலையில ஏழு மணிக்கு."

"இப்ப மணி என்ன?"

"பத்தே முக்கால். என்ன டீச்சர்?"

"அங்கயும் நம்ம நேரம்தானே? ஆபரேஷன் எத்தனை மணிக்குன்னு சொன்னானா?"

"சொல்லல. கம்பி வைக்கிறாங்கனு..."

"கம்பி இல்ல."



சனோபர் கடையிலிருந்து இறங்கி வந்து மொஹிராவின் தோளைப் பிடித்துப் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி மேல் உட்காரவைத்தாள். "கால் அழுகிடுச்சும்மா. ரத்தத்துல விஷம் ஏறுது. அதனால முட்டிக்கு மேல எடுக்கணும்னு எழுதியிருக்காங்க. 'எனக்கு எல்லாம் விளக்கிச் சொன்னாங்க, புரிஞ்சுது, சம்மதம்'னு கையெழுத்துப் போட்டிருக்கான்."

"புரிஞ்சுதா? அவருக்கா?"

சனோபர் அதே போனில் நவ்ருஸின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை ஒரு பெண் குரல் எடுத்தது.

சனோபர் ரஷ்ய மொழியில் பேச ஆரம்பித்தாள். மொஹிராவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அதிகாரமாக இருந்த முகம் கெஞ்சலாக மாறியது. ஏதோ கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். மறுபடி கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு வெறுமனே தலையாட்டினாள். கடைசியில் அவள் நன்றி சொல்கிறாள் என்பது மட்டும் மொஹிராவுக்குத் தெரிந்தது.

"ஒன்பது மணிக்கே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

மொஹிரா அழவில்லை. "அவருக்குத் தெரியாதே டீச்சர்" என்றாள். "கம்பி வைக்கிறாங்கனு நினைச்சுக்கிட்டுல்ல போயிருக்கார்."

"அதைத்தான் கேட்டேன். டாக்டரம்மா மூணு தடவை கேட்டாங்களாம். புரியுதா, சம்மதமா, வேற யார்கிட்டயாவது பேசணுமான்னு. மூணுக்கும் 'தா, தா'ன்னு தலையாட்டியிருக்கான். ரொம்பத் தைரியசாலிப் பையன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு நர்ஸ் சொல்றா." சனோபர் தன் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவங்க மேல தப்பு சொல்ல முடியாதும்மா. எடுக்கலேன்னா உயிர் போயிருக்கும்."

'தா' என்றால் ஆமாம். தோலானாவிலிருந்து போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ரஷ்யச் சொல் அது ஒன்றுதான். எதற்கும் 'தா' சொன்னால் அடி விழாது என்று அண்ணன்மார்கள் சொல்லி அனுப்புவார்கள்.

சனோபர் கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை. நாட்டை விட்டு அனுப்பப்படும் மகனின் அப்பா, தன் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

*

ஆறு வருஷம் கழித்து சனோபர் தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது மிர்சோவலி எழுந்து நின்றார். மேஜையில் அவர் எழுதிய இரண்டு பக்கம் விரித்துக் கிடந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்ததும், "உக்காருங்க டீச்சர்" என்று சொல்லவந்தது வாயிலேயே நின்றுபோனது.

சனோபர் நின்றபடியே சொன்னாள். முதல் தாளைச் சொன்னாள். இரண்டாவது தாளைச் சொன்னாள். நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மிர்சோவலி மருமகளின் கையிலிருந்த போனை வாங்கி இரண்டாவது படத்தைத் திறந்தார்.

"'நகா'ன்னு இருந்துச்சு" என்றார். "கால்னு எனக்குத் தெரிஞ்சுது டீச்சர். காலையிலயே தெரிஞ்சுது."

"கால்னு தெரிஞ்சுது சார். காலை என்ன செய்யப் போறாங்கன்னு?"

"ஏழு மணிக்கே உங்ககிட்ட வந்திருந்தா?"

சனோபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "காலைக் காப்பாத்தியிருக்க முடியாது. ஆனா என்ன நடக்கப் போகுதுன்னு நம்ம பாஷையில ஒருத்தர் அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு தடவை அழுதுட்டுப் போயிருப்பான்."

"கார் கிடைக்க நேரமாச்சு மாமா. அப்புறம் வரிசை" என்றாள் மொஹிரா. "நீங்க வந்திருந்தா உங்களை முன்னால விட்டிருப்பாங்க."

குற்றம்சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து டையைக் கழற்ற முயன்றார். முடிச்சு அவிழவில்லை. மொஹிரா போய் அவிழ்த்துவிட்டாள்.

வாசலில் கூட்டத்துக்கு வந்தவர்களின் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது.

"கூட்டத்தை இன்னொரு நாளைக்கு வச்சுக்கச் சொல்லட்டுமா?" என்றாள் சனோபர்.

"வேண்டாம்."

*

எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆண்கள் என்று பார்த்தால் கிழவர்கள் மட்டும். மற்றதெல்லாம் பெண்கள். எங்கள் ஊர்க் கூட்டம் எதுவும் இப்படித்தான் இருக்கும். மற்றவர்கள் எங்கே என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஸஃபர்மோ முதலில் எழுந்தாள். புருஷனும் இரண்டு மகன்களும் ரஷ்யாவில். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது.

"சார், போன தடவை நீங்க சொன்னதை நான் மறக்கல. ரஷ்யன் கத்துக் குடுத்தா பிள்ளைங்க ஊரை விட்டு ஓடிடும்னீங்க. அதுக்குப் பதிலா இங்கிலீஷ் வச்சுக்கலாம்னீங்க. நான் கேக்கறேன், கத்துக் குடுக்காம விட்டீங்களே, எத்தனை பேர் நின்னாங்க? போறவன் போயிட்டேதான் இருக்கான். பேசத் தெரிஞ்சவன் மனுஷனா போறான். தெரியாதவன் மாடாப் போறான். வாயில்லாத மாடு. நமக்கு இங்கிலீஷ் பேசறவன் எவன் வேலை குடுக்கறான், சொல்லுங்க!"

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

மிர்சோவலி எழுந்தார். கையில் தாள் இல்லை. டை இல்லாத அவர் கழுத்தை ஊர் அன்றுதான் பார்த்தது.

"நான் அந்த மொழியை வெறுத்தேன்" என்றார். "எனக்குப் பதிமூணு வயசுல எங்க அண்ணன் ரஷ்யாவுக்குப் போனார். அந்த மொழி தெரிஞ்சதாலதான் போனார்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க. அவர் திரும்பல. அதனால அந்தப் பாடத்தை நான் கதவுன்னு நினைச்சேன். மூடி வச்சா பிள்ளைங்க உள்ளேயே இருக்கும்னு நினைச்சேன். அது கதவு இல்ல. விளக்கு. விளக்கை அணைச்சுட்டேன், பிள்ளைங்க இருட்டுலயே போயிடுச்சுங்க."

அவர் மூச்சு வாங்கினார்.

"ஆறு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல ரஷ்ய மொழி கிடையாது. உங்க எல்லாருக்கும் தெரியும். மார்க் மட்டும் இருந்துச்சு. அதை நான்தான் போட்டேன். ஒவ்வொண்ணும் பொய். என் பையனோடதும் பொய். இன்னைக்குக் காலையில அவன் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டான். அது..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மொஹிரா எழுந்து, இரண்டே வாக்கியத்தில் மீதியைச் சொன்னாள்.

பின் வரிசையில் ஒருத்தி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். ஸஃபர்மோ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்:

"என் சின்னவனுக்கும் நீங்க அஞ்சுதானே சார் போட்டீங்க?"

"ஆமா."

"அவன் ரெண்டு மாசமா போன் எடுக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். ரஜப் கிழவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. இருக்கிற பிள்ளைங்களைப் பாப்போம். டீச்சர் இங்கயேதானே நிக்கறாங்க? சனோபர், நாளையிலேருந்து வந்துடும்மா. ஊர் சார்பா கேக்கறேன்."

எல்லாத் தலையும் கதவருகே நின்ற சனோபரின் பக்கம் திரும்பியது.

அவள் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நான் கிளம்பறேன் மாமா."

"எங்க?"

"எல்லாரும் போற இடத்துக்குத்தான். ஒரு ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற வேலை. போன மாசமே டிக்கெட் எடுத்தாச்சு."

"நீயுமா?" என்றாள் ஸஃபர்மோ. "ஏழு ஊருக்கும் படிச்சுச் சொல்றவ நீ. நீ போனா தாளை யாரு படிப்பா?"

சனோபர் திரும்பினாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அதுக்காகத்தான் போறேன். அந்த மொழியை நான் ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டேன். அதுல பனியைச் சொல்ல எத்தனை வார்த்தை இருக்கு தெரியுமா? அதையெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரணும்னு இருந்தேன். ஆறு வருஷமா என் வாயிலேருந்து வர்ற ரஷ்யன் எல்லாம் ஒண்ணுதான். நாடு கடத்தல், அபராதம், மறுப்பு இல்லை, சம்மதிக்கிறேன். மூணு தடவை சாவுச் சேதியைத் தாயோட முகத்தைப் பாத்துப் படிச்சிருக்கேன். இன்னொரு தாளைப் படிக்க என்னால முடியாது. தரை துடைக்கிறவகிட்ட யாரும் எதையும் படிக்கக் குடுக்க மாட்டாங்க."

ரஷ்ய மொழிக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஊர் ஒரே மனதாகத் தீர்மானம் போட்டது. மிர்சோவலி அதில் முதல் கையெழுத்துப் போட்டார். ஆசிரியரின் பெயர் எழுத விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது.

*

ஐந்து மணி இருக்கும். கூட்டம் கலைந்துவிட்டது. மூவரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். வீட்டுக்குப் போனால் ஸெபுனிசோவிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு யாருக்கும் கால் எழவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்த பச்சைத் தேநீர் தொடாமல் ஆறிப்போயிருந்தது.

மொஹிராவின் கையில் போன் அதிர்ந்தது. நவ்ருஸ்.

மிர்சோவலி எழுந்தார். சனோபர் கையை நீட்டினாள். "குடும்மா, நான் சொல்றேன். சொல்லிப் பழக்கம் எனக்கு."

"நான் பேசறேன்" என்றாள் மொஹிரா. போனை மேஜை மேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"மொஹிரா?" குரல் தூக்கக் கலக்கத்தில் இழுபட்டது. "முடிஞ்சுதும்மா. இப்பத்தான் திரும்ப அறைக்குக் கொண்டாந்து போட்டாங்க. வலியே இல்ல. நல்ல டாக்டருங்க."

"சரிங்க."

"ஆனா அந்த வலது கால் பெருவிரல் இருக்குல்ல, அது பயங்கரமா அரிக்குது. என்னால குனிய முடியல. நர்ஸ்கிட்ட கொஞ்சம் சொறிஞ்சு விடச் சொல்லலாம்னா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. 'தா, தா'ன்னு சொன்னா அவ சிரிச்சுட்டுப் போறா. அரிக்குதுங்கறதுக்கு ரஷ்யன்ல என்ன வார்த்தை? யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லேன்."

மிர்சோவலி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். சனோபருக்கு அந்த வார்த்தை தெரியும். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்குதா? சரி விடு, நானே போர்வையைத் தள்ளிட்டு எட்டிப் பாக்கறேன்..."

"வேண்டாங்க!" என்று மொஹிரா போனின் மேல் குனிந்தாள். "போர்வையை எடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் நின்றது. தூக்கக் கலக்கம் முழுக்கக் கலைந்துபோன குரலில் நவ்ருஸ் கேட்டான்:

"ஏன்?"